எழுத்துப் புதிரின் விடையைத் தாளிலேயே அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் ஆங்கில எழுத்துப் புதிரைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்ச காலமாகப் புதிர் மட்டும்தான் தாளில் வருகிறது. விடை வேண்டுமென்றால் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லி ஒரு கியூஆர் கட்டத்தை மூலையில் அச்சிட்டுவிடுகிறீர்கள். விடையை மறுபடியும் தாளிலேயே அச்சிட வேண்டும். ஒரே ஒரு விடையைப் போடாமல் சரியாக வரும் எல்லாச் சொற்களையும் போட வேண்டும். புதிரின் விதியைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துப் படிக்க வேண்டும்.

நான் கீழக்கரைக்காரன். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாலை நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கடற்கரைத் தெருப் பிள்ளைகள் வருவார்கள். சங்கு குளிக்கிறவர்களின் பிள்ளைகள், நாட்டுப்படகுக்காரர்களின் பிள்ளைகள், கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களின் பிள்ளைகள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, பெரும்பாலும் தமிழ்வழியில் படிப்பவர்கள். காசு வாங்குவதில்லை, ஆகவே டியூஷன் என்று சொல்ல முடியாது. உங்கள் மாணவர் பக்கத்தை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்து சொல் தேடுவோம். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளைகூட அந்த நேரத்தில் கத்திச் சொல்லும்.

முதலில் கியூஆர் விஷயம். இந்த வீடுகளில் இணைய வசதியுள்ள போன் ஒன்று இருந்தால் பெரிய காரியம். அந்த ஒன்றும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். வலை போட்ட இடத்தைப் பார்ப்பதற்கும், காற்று எப்படி என்று கேட்பதற்கும், கரையில் விலை என்ன என்று விசாரிப்பதற்கும் அவருக்கு அது வேண்டும். அவர் கரை ஏறி, மீனை ஏலத்துக்குப் போட்டு, கணக்கு முடித்து வீடு திரும்புவதற்குள் பிள்ளை தூங்கிப் போயிருக்கும். மறுநாள் பள்ளிக்கூடம். முந்தின வாரப் புதிருக்கு என்ன விடை என்பது தெரியாமலே அடுத்த புதிர் வந்துவிடுகிறது. பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியும் பாதிப் பக்கம் எங்களுக்குத் திறக்காத கதவாக நிற்கிறது.

போன் கிடைத்த நாளிலும் நிலைமை சரியாக இல்லை. போனைக் கையில் எடுத்த பிள்ளை விடைக் கட்டத்தோடு நிற்பதில்லை. இணையத்தில் சொல் தேடித் தரும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. ஏழு எழுத்தைத் தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பெரிய பட்டியலைக் கொட்டிவிடும். அதில் நாம் பேச்சிலோ எழுத்திலோ ஒருநாளும் பார்க்கப் போகாத சொற்களும் கலந்திருக்கும். 'கூம்' என்று ஒரு சொல். எழுத்துக்கூட்டினால் சி, டபிள்யூ, எம். வேல்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, மலையிடுக்குப் பள்ளத்தைக் குறிப்பது. சொல் விளையாட்டுப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது தேவைப்படும். எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை அர்த்தம் தெரியாமல் நோட்டில் பார்த்து எழுதி என்ன பயன்? அந்தப் பக்கங்களை நான் குறை சொல்லவில்லை. தேடி முடித்த பிறகு விட்டுப்போனது என்ன என்று சரிபார்க்க அருமையான கருவி. தேடுவதற்கு முன்னாலேயே அதைத் திறந்தால் பிள்ளையின் கண்ணும் மூளையும் செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடுகிறது. விடை தாளிலேயே இருந்தால், தலைகீழாக அச்சிட்டோ மறுநாள் இதழிலோ வந்தால், இந்த ஆசைக்கே இடமில்லை.

இந்த விளையாட்டு எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் எழுத்து தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் படித்துவிடலாம். 247 எழுத்தை அறிந்த பிள்ளைக்கு 26 எழுத்து எம்மாத்திரம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நம் 'ப' என்ற ஒரே எழுத்துக்குள் பம்பாயின் முதல் ஒலியும் பானையின் முதல் ஒலியும் இருக்கின்றன; ஆங்கிலத்தில் அவை இரண்டு தனித்தனி எழுத்துகள். 'ட', 'க' இரண்டும் அப்படித்தான். அதனால் படகை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பாம்பனுக்கு வரும் பி-யை எழுதுவதா, பம்பாய்க்கு வரும் பி-யை எழுதுவதா என்று பிள்ளை தடுமாறும். காதால் கேட்டு மட்டும் ஆங்கிலம் கற்கிற பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் கல்லூரி வரைக்கும் போகிறது, பார்த்திருக்கிறேன். எழுத்துகளைக் கண்ணெதிரே வைத்துக் கையால் நகர்த்தி விளையாடுகிறபோதுதான் இது தீர்கிறது. கையில் இருப்பது எந்த பி என்று அட்டையே சொல்லிவிடுகிறதே.

அடுத்து, விடை தாளில் வந்துகொண்டிருந்த காலத்திலேயே எனக்கு இருந்த ஒரு மனக்குறை. ஒருமுறை நான்கு எழுத்து கொடுத்திருந்தீர்கள்: டெல்லிக்கு வரும் டி, ஈ, ஐ, திருச்சிக்கு வரும் டி. (தந்தியில் சந்தேகம் வந்தால் ஊர்ப் பெயரை வைத்துத்தான் எழுத்தைச் சொல்வோம், அந்தப் பழக்கம் போகவில்லை.) ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மூடிய வாய்க்குள் முணுமுணுத்து முணுமுணுத்துத் தானாகவே 'டயட்' என்று கண்டுபிடித்தாள். மறுநாள் நீங்கள் வெளியிட்ட விடை 'எடிட்'. "தாத்தா, பேப்பர்ல வேற போட்டிருக்கு, நான் எழுதுனது தப்பு" என்று சொல்லிக்கொண்டே தன் விடையைப் பேனாவால் அடித்துவிட்டாள். அவள் எழுதியது முழுக்க முழுக்கச் சரி. அதே நான்கு எழுத்தில் இன்னும் இரண்டு சொல் இருக்கின்றன. கடல் ஏறி வற்றுவதைச் சொல்லும் 'டைட்' ஒன்று. கயிற்றால் கட்டியாயிற்று என்ற பொருளில் வரும் 'டைட்' மற்றொன்று. காதுக்கு இரண்டும் ஒன்றேதான். எழுதும்போது கடைசி இரண்டு எழுத்து மட்டும் இடம் மாறி நிற்கும். நான்கு சொல்லையும் கீழ்கீழாக எழுதிக் காட்டிய பிறகுதான் அவள் அடித்ததை மறுபடி எழுதினாள். அச்சில் வந்துவிட்டால் அது மட்டும்தான் சரி என்று நம்புகிற வயது அது. நான்கு சொல்லையும் நீங்கள் அச்சிட எத்தனை இடம் ஆகியிருக்கும்? ஒரு வரி.

அன்றிலிருந்து நாங்கள் ஒரு நோட்டுப் போட்டு வருகிறோம். மீன் ஏலக் கணக்கு எழுதும் நீள நோட்டு. ஒரு கம்பெனிக்காரர் பக்கம் மிச்சமிருக்கிறது என்று கொடுத்தார். அதில் சொல்லை அப்படியே எழுதுவதில்லை. முதலில் அந்தச் சொல்லின் எழுத்துகளை அகரவரிசைப்படி அடுக்க வேண்டும். பெருங்கடலுக்கு 'ஓஷன்' என்று சொல்கிறோம் அல்லவா, அதன் எழுத்துகளை அடுக்கினால் ஏ, சி, ஈ, என், ஓ என்று வரும். அந்த அடுக்கை இடது பத்தியில் எழுதி, எதிரே 'ஓஷன்' என்று எழுத வேண்டும். பிறகு ஒருநாள் வேறொரு பிள்ளை தோணியைக் குறிக்கும் 'கனூ' என்ற சொல்லைக் கொண்டு வருகிறான். அடுக்கிப் பார்த்தால் அதுவும் ஏ, சி, ஈ, என், ஓ. ஆக, இரண்டும் ஒரே வரியில் போய் உட்கார்கின்றன. ஒரே எழுத்துகளால் ஆன சொற்கள் எத்தனை வந்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து சேர வேண்டும், வேறு வழி கிடையாது. கணினியில் இத்தகைய சொற்களைத் தேடும் நிரல்களிலும் பெரும்பாலும் இதே உபாயம்தான் என்பதைச் சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் ஒரு பெருமை.

எங்கள் நோட்டில் கடற்கரைக்கான 'ஷோர்' இருக்கும் வரியிலேயே குதிரையும் நிற்கிறது: ஈ, எச், ஓ, ஆர், எஸ். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய கடற்கரை நம்முடையது. அதைச் சொல்ல எனக்கு அது ஒரு சாக்கு. பவளப்பாறைக்கு வரும் 'கோரல்' பக்கத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் பாடி வரும் 'கேரல்'. இந்த இரண்டையும் சேர்த்தது தேவாலயத்துக்குப் போகிற வீட்டுப் பையன், வேறு யாருக்குத் தோன்றும்?

சரி, விதி விஷயத்துக்கு வருகிறேன். 'கீழ்க்கண்ட எழுத்துகளைக் கொண்ட சொற்களைக் கண்டுபிடி' என்று போடுகிறீர்கள். இந்த ஒரு வரிக்கு நான்கு அர்த்தம் இருக்கிறது. ஏ, ஆர், திருச்சி டி என்று மூன்று எழுத்தை எடுத்துக்கொள்வோம். அந்த மூன்றும் அதே வரிசையில் ஒட்டி நிற்க வேண்டும் என்றால் 'பார்ட்டி', 'ஸ்மார்ட்', 'சார்ட்' எல்லாம் வரும். 'ஹார்ட்' வரும், 'எர்த்' கூட வரும். வரிசை மாறக் கூடாது, ஆனால் இடையில் வேறு எழுத்து நுழையலாம் என்றால் 'அலர்ட்', 'ஏர்போர்ட்' உள்ளே வருகின்றன. எந்த வரிசையில் இருந்தாலும் பரவாயில்லை, மூன்றும் இருந்தால் போதும் என்றால் 'வாட்டர்', 'டிரெயின்', 'டிராலர்' என்று எல்லை விரிந்துகொண்டே போகும். அந்த மூன்றைத் தவிர வேறு எழுத்தே கூடாது என்றால் முழுச் சொல்லாக மிஞ்சுபவை 'ஆர்ட்', எலியைக் குறிக்கும் 'ராட்', தார் ரோட்டின் 'டார்' என விரல் விட்டு எண்ணக்கூடியவை.

இதில் எது உங்கள் விதி என்பதைச் சொல்லாமல் விட்டால் திண்ணையில் சண்டை வருகிறது. எழுத்தைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பது அடுத்த சண்டை. 'ஓஷன்' எழுத்துகளைக் கொடுத்தால், சாக்லேட் செய்யும் 'கோகோ' சரியா? அதற்கு இரண்டு சி, இரண்டு ஓ வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் ஒருமுறைதான் என்றால் தவறு. எத்தனை முறையும் எடுக்கலாம் என்றால் சரி. உலகத்தில் இரண்டு வகைப் புதிரும் இருக்கின்றன. பன்மைக்கு எஸ் சேர்த்தால் தனிச் சொல்லாகக் கணக்கா? ஆளின் பெயர், ஊரின் பெயர் சேருமா? இரண்டு வரியில் இதையெல்லாம் சொல்லிவிடலாம். விதியைப் படித்துப் புரிந்துகொள்வதே பிள்ளைக்கு ஒரு பாடமாகவும் இருக்கும்.

ஊர்ப் பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கியூ எழுத்து வந்தால் அடுத்தாற்போல் யு வந்தே தீரும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள். 'குயின்', 'குயிக்', 'கொஸ்டின்' எல்லாம் அப்படித்தான். கியூவுக்குப் பின்னால் யு இல்லாத சொல் தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். வெளியூர்ப் பிள்ளை என்றால் யோசித்திருக்கும். கீழக்கரைப் பிள்ளை ஒரு நொடியில் 'கத்தார்' என்றான். அவன் வாப்பா அங்கேதான் இருக்கிறார். எழுத்துக்கூட்டல் சரி, ஆனால் நாட்டின் பெயர் என்பதால் விளையாட்டில் செல்லாது என்றேன். விடவில்லை. ஃபக்கீர், நீதிபதியைக் குறிக்கும் காதி, நிகாப், புர்கா என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்ல, நான் எழுதிக்கொண்டே போனேன். எல்லாம் அரபியிலிருந்து ஆங்கில அகராதிக்குள் நுழைந்தவை. ஆங்கிலம் என்றாலே தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று என்று நினைத்திருந்த பிள்ளைகள், தங்கள் வீட்டில் புழங்கும் சொற்கள் அந்த அகராதிக்குள் இருப்பதைப் பார்த்தால் அதன் மேல் ஒரு உரிமை வந்துவிடுகிறது. இப்படி ஒரு புதிரை உங்கள் பக்கத்தில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.

எப்படித் தேடுவது என்பதைப் பற்றியும் உங்கள் பக்கத்தில் ஒருநாளும் வந்ததில்லை. விடை மட்டும் தெரிந்தால் அது அந்த வாரத்தோடு போயிற்று. தேடும் முறை தெரிந்தால் எல்லா வாரத்துக்கும் உதவும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுத்துச் சில்லுகள் செய்து வைத்திருக்கிறோம். கொடுத்த எழுத்துகளை எடுத்ததும் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை, ஏலக் கூடத்தில் பெண்கள் மீனை இனம் பிரித்துக் கூறு வைப்பதுபோல உயிரெழுத்து ஒரு பக்கம், மெய்யெழுத்து ஒரு பக்கம் என்று பிரிப்பது. பிறகு எல்லாவற்றையும் வட்டமாக அடுக்குவார்கள். நேர்கோட்டில் வைத்தால் கொடுத்த வரிசையே கண்ணைக் கட்டிப்போடும். வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது. அப்புறம் ஜோடி தேட வேண்டும்: எஸ்ஸும் எச்சும், சியும் எச்சும், சியும் கேயும். கடைசியில் ஒட்டிக்கொள்ளும் வால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: ஐ-என்-ஜி, ஈ-ஆர், ஈ-எஸ்-டி. அபூர்வமான எழுத்து கையில் இருந்தால் அதிலிருந்தே தொடங்குவது நல்லது. இசட், எக்ஸ், வி போன்றவை எல்லா எழுத்தோடும் சேராது. சேருமிடம் குறைவு என்பதால் தேடுமிடமும் குறைவு.

ஒன்றை அப்படியே காட்டுகிறேன். நங்கூரத்துக்கு 'ஆங்கர்'. படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பழக்கம்தான், எழுதச் சொன்னால்தான் கே போட்டு எழுதுவார்கள். காதில் விழுவது க என்ற ஒலிதானே. சரியான எழுத்துகள் ஏ, என், சி, எச், ஓ, ஆர். இந்த ஆறையும் வட்டமாக வைத்தோம். ஒருத்தி சியையும் எச்சையும் பிடித்துக்கொண்டாள். ஏ-ஆர்-சி-எச் என்று வளைவைக் குறிக்கும் 'ஆர்ச்' வந்தது. முன்னால் ஆர், ஏ, என் வைத்ததும் 'ரான்ச்' வந்தது. அப்படி ஒரு சொல் உண்டா என்று சந்தேகப்பட்டார்கள். அகராதியைப் புரட்டினோம், பெரிய கால்நடைப் பண்ணை என்று இருந்தது. கரப்பான்பூச்சிக்கு வரும் 'ரோச்'சும் கிடைத்தது. சியையும் எச்சையும் பிரித்துப் போட்டதும் 'கார்ன்', 'ஹார்ன்', ஓக் மரத்துக் கொட்டையான 'ஏகார்ன்' என்று வரிசையாக வந்தன.

அப்போது அந்தப் பெண் கேட்டாள்: "ஆர்ச்ல ச-ன்னு வருது, ஆங்கர்ல மட்டும் ஏன் க-ன்னு வருது?" அவள் கேட்டதுதான் அன்றைய பாடம். சி-எச் சேர்ந்து க ஒலி தருகிற சொற்களைத் தேடச் சொன்னேன். 'ஸ்கூல்' அவர்கள் வாயிலேயே இருந்தது. 'எக்கோ', 'ஸ்டமக்' பிறகு வந்தன. இவையெல்லாம் கிரேக்கத்தில் வேர் கொண்ட சொற்கள் என்றேன். ஆங்கர் கதை இன்னும் சுவாரசியமானது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் எச்சே கிடையாது. லத்தீனில் எச்சோடுதான் எழுத வேண்டும் என்று பிற்காலத்தில் தவறாக எண்ணிக்கொண்டு சேர்த்துவிட்டார்கள், அதுவே நின்றுவிட்டது. எச்சை விட்டுவிட்டு எழுதி எழுதித் திட்டு வாங்கிய பையன் ஒருவன் அங்கே இருந்தான். இதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆறே எழுத்து கொண்ட ஒரு புதிரிலிருந்து இவ்வளவும் கிளம்பியது. 'விடை: ஆங்கர்' என்று ஒரு வரி போட்டு முடித்தால் இதில் எதுவும் பிள்ளைக்குக் கிடைக்காது.

எந்த எழுத்து அதிகம் வரும், எது குறைவாக வரும் என்பது எனக்கு வேலையில் படிந்த அறிவு. எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தந்தியில் தட்டி அனுப்பும் மோர்ஸ் முறையில் ஈ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. திருச்சி டிக்கு ஒரே ஒரு கோடு. கியூவுக்கோ கோடு, கோடு, புள்ளி, கோடு என்று நான்கு தட்டு தட்ட வேண்டும். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துக்குக் குறைந்த நேரம் செலவாக வேண்டும் என்று, சாமுவேல் மோர்சும் அவரோடு உழைத்த ஆல்ஃபிரட் வெயிலும் அச்சுக்கூடத்தில் எந்த எழுத்துக்கு எத்தனை அச்சு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து அமைத்த முறை அது. எழுத்துகளை எண்ணும் கலை அதற்கும் மிகப் பழையது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, ரகசிய எழுத்தில் எழுதிய கடிதத்தை உடைக்க, எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லி எழுதி வைத்தார்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதையும் தந்தி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எஸ்ஸுக்கு மூன்று புள்ளி, எச்சுக்கு நான்கு. சங்கு வியாபாரி கல்கத்தாவிலிருந்து வரும் தந்திக்காகக் காத்திருக்கிறார் என்று வையுங்கள். 'சோல்ட்' என்று வந்தால் விற்றாயிற்று. ஒரு புள்ளி கூடி 'ஹோல்ட்' என்று வந்தால் சரக்கை நிறுத்தி வை என்று ஆகிவிடும். அதனால் எழுத்தை மதிக்கப் பழகினோம். 2013 ஜூலையில் நாடு முழுக்கத் தந்திச் சேவையை நிறுத்திவிட்டார்கள். அந்த அறிவு என் தலைமுறையோடு போகாமல் பிள்ளைகளிடம் சேர்வதற்கு எனக்குக் கிடைத்த வழி உங்கள் புதிர்தான்.

எழுத்து விளையாட்டுகளுக்குப் பத்திரிகைதான் தாய்வீடு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று உலகமெங்கும் போடுகிற குறுக்கெழுத்துப் புதிரின் முதல் வடிவம் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு என்ற நாளிதழில் வந்தது. போட்டவர் ஆர்தர் வின். எழுத்துச் சில்லுகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை 1930-களில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், எந்த எழுத்துக்கு எத்தனை சில்லு வைப்பது என்று முடிவு செய்ய நாளிதழ்ப் பக்கங்களை வைத்து எழுத்து எழுத்தாக எண்ணினார். அப்படித்தான் அந்த 100 சில்லில் ஈக்கு 12, ஏக்கும் ஐக்கும் ஒன்பது ஒன்பது, கியூவுக்கும் இசட்டுக்கும் ஒன்றே ஒன்று என்று அமைந்தது. எங்கள் காலண்டர் அட்டைகளையும் அதே கணக்கில்தான் வெட்டியிருக்கிறோம். ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்கும் 'வேர்டில்' என்ற விளையாட்டு 2021-ல் இணையத்தில் தொடங்கி, சில மாதத்திலேயே, 2022 ஜனவரியில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு பெரிய பத்திரிகைகள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆங்கிலப் புதிருக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை எதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எங்கள் தெருவில் ஆங்கிலப் பத்திரிகை வாங்கும் வீடு கிடையாது. பிள்ளைகளின் கைக்கு வருவது உங்கள் பத்திரிகை மட்டும்தான். டீக்கடையில் படித்து முடித்த பிறகாவது வந்துவிடும். விதியும் விளக்கமும் தமிழில் இருப்பதால்தான் அவர்களால் தைரியமாகத் தொட முடிகிறது. அதே பக்கத்தில் தமிழ்ச் சொல் புதிரும் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வந்தால் முதலில் விளையாடுவது நாங்களாகத்தான் இருப்போம்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. கியூஆர் கட்டம் பிடிக்கிற அதே இடத்தில், சின்ன எழுத்தில், சென்ற வார விடைகள் அனைத்தும் அடங்கிவிடும். கட்டத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போன் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். விடைகளுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு சொல் அர்த்தம் கொடுத்தால் இன்னும் நல்லது. வாசகர்கள் அனுப்பும் விடைகளில் நீங்கள் நினைக்காத சரியான சொல் ஒன்று வந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். அனுப்பிய பிள்ளையின் ஊர்ப் பெயரைப் போட்டால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் அப்போது கரையில் இருப்பார்கள். பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வரும். கடற்கரை ஊர்களில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்காரக் கிடைக்கும் நீண்ட காலம் அது ஒன்றுதான். அந்த இரண்டு மாதமாவது வாரத்துக்கு ஒன்று என்பதை இரண்டாக்கி, கடல், படகு, மீன், வலை சம்பந்தப்பட்ட சொற்களை வைத்துப் புதிர் போடுங்கள். அதற்கான சொற்பட்டியல் எங்கள் ஏல நோட்டில் இருக்கிறது. கேட்டு ஒரு கார்டு போட்டால் பிள்ளைகளே அதைப் படியெடுத்துத் தபாலில் அனுப்பிவைப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.